பிடுங்கிய ஒன்பது நட்சத்திரங்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தி. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் பெரியப்பா சொன்னார்: "ஒங்கப்பன் அன்னிக்கு வெளுத்த வெளுப்புலதான் நீ இன்னிக்கு டிகிரி வாங்கியிருக்க."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கண் எரியப் படித்தவளும் நான். பட்டம் மட்டும் பிரம்புக்காம்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் வரி:

"சுடர்விழி கையில் பிரம்போடு வகுப்புக்குள்"

(வேண்டாம். பிரம்பைத் திட்டுவது சுலபம். இப்போதெல்லாம் கெட்டிக்காரர்கள் பிரம்பைத் தொடுவதில்லை. ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.)

2

ஆகவே சுடர்விழியின் கையில் ஸ்டிக்கர் அட்டை. வயது இருபத்தைந்து. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில், சமுதாயக் கூடத்தில், சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சுவரில் ஒரு சார்ட். எல்லாக் கணக்கும் சரியென்றால் ஒரு தங்க நட்சத்திரம். பத்து சேர்ந்தால் ஜியோமெட்ரி பாக்ஸ். தப்புச் செய்தால் நட்சத்திரம் போய்விடும்.

நான்காம் வகுப்புச் செம்மொழியிடம் ஒன்பது இருந்தன.

அன்று ஆளுக்கு இருபது கழித்தல் கணக்கு. செம்மொழி முடித்துவிட்டாள். பக்கத்தில் நுஸைபா பதினாறில் நின்றுகொண்டிருந்தாள். செம்மொழி அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கடைசி நாலு கணக்கைப் போட ஆரம்பித்தாள். ஒளிவு மறைவே இல்லை.

"என்ன பண்ற?"

"அவ பின்னாடி நின்னுட்டாக்கா. அதான்."

"அதான்னா? அவ கணக்க நீ போடுவியா? இதுக்குப் பேரு ஏமாத்துறது."

சுடர்விழி சார்ட்டிலிருந்த ஒன்பதையும் எல்லோர் முன்னாலும் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

(இங்கே செம்மொழியை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். நானாக இருந்தால் அழுதிருப்பேன், அதனால் எழுதியது. அவள் அழவில்லை. சுரண்டும் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.)

மறுநாள் அவள் வரவில்லை. நாலு நாளாயிற்று. "அவ வரமாட்டாளாம்க்கா" என்றாள் நுஸைபா. "பள்ளிக்கொடமும் வேணாங்கிறா. அம்மாகூட வயலுக்கே போறேங்கிறா."

அந்தப் பிள்ளை திரும்பி வந்தாக வேண்டும். இந்தக் கதையில் மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் எனக்குக் கவலையில்லை.

3

ஞாயிற்றுக்கிழமை சுடர்விழி அந்த வயலுக்குப் போனாள். குறுவை நெல் நடவு.

(எனக்கு நடவு தெரியாது. வயலோரம் வளர்ந்தும் தெரியாது. மூன்று பக்கம் ஊகத்தில் எழுதிப் பார்த்தேன், ஒரே பொய்யாக இருந்தது. அதனால் போய் வரப்பில் நின்றேன். கோபத்தோடுதான் போனேன்.)

எட்டுப் பெண்கள் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்குக் கை எட்டும் அகலம். நடுவிலிருந்தவள் பிள்ளை பெற்று நாலு மாதமானவள். அவளுக்குக் கை ஓயத் தொடங்கியது. யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தவளின் கை கொஞ்சம் அகலமாகப் போனது, அந்தப் பக்கத்தவளின் கையும். அவள் பங்கு ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று இரு பக்கமும் கரைந்து குறுகியது. யார் வீட்டு மருமகளைப் பற்றியோ நடந்த பேச்சு ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. எட்டுப் பேரும் ஒன்றாக வரப்பைத் தொட்டார்கள்.

சுடர்விழி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் பஸ் ஜன்னல் வழியாக இதை வெறும் பச்சையாகப் பார்த்திருக்கிறாள். இது நல்ல காரியம் என்று இவர்களுக்கு யார் சொன்னது? எந்தச் சார்ட்டில் ஒட்டினார்கள்? செய்தவளுக்கே செய்தது தெரியாத அளவுக்கு அது கையில் ஊறிக் கிடக்கிறது. ஒன்பது வயதுப் பெண் அதை வகுப்புக்குள் கொண்டுவந்தாள், தான் அதற்கு

(இந்த வரியை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

செம்மொழியின் அம்மா காத்தாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னா டீச்சர், பாத்துட்டீங்களா? இங்கயும் ஒருத்தி பங்க இன்னொருத்தி நட்டுட்டோம். எங்கக்கிட்ட ஸ்டாரு இல்ல. வேணும்னா நட்ட நாத்தப் புடுங்கிட்டுப் போங்க!"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். சுடர்விழியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

4

முடிவு ஒன்று: சுடர்விழி சுடிதாரை மடக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி

(போதும். கால் சேறானால் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா?)

முடிவு இரண்டு: மறுநாள் எல்லோர் முன்னாலும் சார்ட்டைக் கிழித்து

(பிடுங்கியதும் எல்லோர் முன்னால்தான். பிள்ளைகளுக்கு இன்னொரு வேடிக்கை எதற்கு?)

இரண்டையும் விட்டால் மிஞ்சுவது இதுதான். அடுத்த வயலின் வரப்பில் செம்மொழி முடிகளை, கட்டி வைத்த நாற்றுக் கட்டுகளை, எண்ணிக்கொண்டிருந்தாள். நடுகிறவர்களுக்கு எட்டும்படி வயலுக்குள் எறிவது அவள் வேலை. சுடர்விழி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னுதுதான் செம்மொழி. நாளைக்கு வா. ஒம்பதையும் ஒட்டித் தரேன். பத்தாவே ஒட்டிடுறேன்."

சொல்லும்போதே நாக்கு கூசியது. இதுவும் அதே வியாபாரம்தான்.

"ஒட்டிட்டு, மறுபடியும் புடுங்குவீங்களாக்கா?"

"இல்ல. இனிமே யாருக்கும் புடுங்க மாட்டேன்."

செம்மொழி யோசித்தாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்: "அப்ப... ஒட்டவும் மாட்டீங்களா?"

(இந்தக் கேள்வியை நான் திட்டமிடவில்லை. அவளுக்கு அந்த மினுமினுப்பு பிடித்திருந்தது. பிடித்திருக்கக் கூடாதா என்ன? பெரியப்பாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இப்போது உண்டு. இவளுக்குச் சொல்லத்தான் இல்லை.)

"என்னாடி அங்க அரட்ட? முடியப் போடு!" காத்தாயி கத்தினாள்.

செம்மொழி எழுந்து ஒரு முடியை எறிந்தாள். தண்ணீர் தெறித்தது. இன்னும் மூன்று இருக்கின்றன. அவற்றையும் எறிந்துவிட்டு அவள் திரும்புவாள். அதற்குள் ஒட்டுவேன், ஒட்டமாட்டேன், ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லுங்கள். இதோ, இரண்டாவதை எடுத்துவிட்டாள்.