வசந்தாமணி பெயரில் ஆறு மணி நேரம்

...அதற்குள் முடிந்திருக்கும் என்று பார்த்தால் இன்னும் இரண்டரை நிமிடம் பாக்கி, மழையில் பிரேக் போடுவது எப்படி என்று ஒரு பக்கம் படிக்க யாருக்கு இவ்வளவு நேரம் வேண்டும், ஆனால் கடிகாரம் ஓடி முடிகிறவரை நெக்ஸ்ட் பொத்தானுக்கு உயிர் வராது, எவனோ ஒரு புரோகிராமர் அப்படி எழுதிவைத்திருக்கிறான், நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்... திரையின் மூலையில் வெல்கம் வசந்தாமணி என்று இருக்கிறது. வசந்தாமணி என் மனைவி. எழுபது மைலில் போகவேண்டிய ரோட்டில் எண்பத்து நான்கில் போய்ப் போலீஸிடம் அபராத டிக்கெட் வாங்கியவள் அவள், ஆன்லைனில் ஆறு மணி நேர டிஃபென்சிவ் டிரைவிங் கோர்ஸ் முடித்து சர்டிஃபிகேட் அனுப்பினால் டிக்கெட்டைத் தள்ளுபடி செய்வதாகக் கோர்ட் சொன்னதும் அவளுக்குத்தான், ஆனால் சனிக்கிழமை காலையிலிருந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான், கருப்பசாமி, ஆபீசில் சாம். தப்புதான், தெரியாமல் இல்லை. ஆனால் டல்லாஸில் நம் ஆட்கள் வீட்டில் எந்தப் பெண் தன் கோர்ஸைத் தானே முடித்தாள், என் டீமில் இருக்கும் நஞ்சுண்டன் அவன் மனைவியின் கோர்ஸை கிரிக்கெட் பார்த்துக்கொண்டே முடித்தவன், "ஒன்னுமே இல்லப்பா, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு கிளிக் பண்ணிட்டே இரு" என்றான். அதோடு, மார்ச் மாதத்துக்குப் பிறகு வசந்தாமணியை எதற்கும் தொந்தரவு செய்வதில்லை என்று நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், பாத்திரம் நான் கழுவுகிறேன், பில் நான் கட்டுகிறேன், போனை நான் எடுக்கிறேன், மழையில் பிரேக்கும் நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு சிக்னலே இல்லாத ஃப்ரீவே என்றாலே ஆகாது, அதுதான் எனக்குப் புரியவில்லை, மால் பார்க்கிங் லாட்டில் நான்கு வாரம் சுற்றிச் சுற்றி அவளுக்குக் கார் சொல்லிக்கொடுத்தவன் நான், மெதுவா, மெதுவா, கண்ணாடியப் பாரு, தலையத் திருப்பிப் பாரு என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியது, இந்தியன் ஸ்டோருக்குப் போவதென்றாலும் உள்ரோடு வழியாகவே சிக்னல் சிக்னலாக நின்று போகிறவள், அந்தச் செவ்வாய்க்கிழமை தனியாக செவன்ட்டி ஃபைவ் ஃப்ரீவேயில் ஏறி வடக்கே போயிருக்கிறாள், ஒரு மணி நேரம், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அடுத்த ஸ்டேட், ஓக்லஹோமா. ஆபீசுக்கு போன் வந்தது. "ஏனுங்க, எனக்கு டிக்கெட் குடுத்துட்டாங்க." எங்கே என்றேன். "ஷெர்மன்னு போட்டிருக்குங்க." அங்கே உனக்கு என்ன வேலை என்றேன். "ஒரு வேலையுமில்லீங்க, சும்மா போனேன்." நான் அதற்குமேல் கேட்கவில்லை, கேட்காமல் இருந்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, வேறு ஒருத்தனாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பான் என்று... ஆனால் அன்றிலிருந்து ஆபீசில் உட்கார்ந்துகொண்டு பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை வீட்டுக்கு போன் அடிக்கிறேன், பால் இருக்கா என்று கேட்கிறேன், அவள் எடுத்து "இருக்குங்க" என்று சொல்கிறவரை மூச்சு விடுவதில்லை. டிக்கெட் போனால் போகிறது. அடுத்த தடவை அவளைப் போலீஸ் நிறுத்தவில்லை என்றால் அவள் திரும்பி வருவாளா, இதுதான் என் பயம், இதை யாரிடம் சொல்வது.

நெக்ஸ்ட். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடையே விடவேண்டிய தூரம், மூன்று வினாடி... இந்தக் கோர்ஸில் நஞ்சுண்டன் சொல்லாத ஒரு வம்பு இருக்கிறது, பக்கங்களுக்கு நடுவே திடீரென்று சொந்தக் கேள்வி ஒன்று கேட்கும், உட்கார்ந்திருப்பது வசந்தாமணிதானா என்று சோதிக்க. பதிவு செய்யும்போது அவள் பெயரையும் லைசென்ஸ் நம்பரையும் நான் அடித்தேன், அந்த நேரம் பார்த்து ஆபீஸ் கால் வந்தது, மிச்சத்த நீயே போடு என்று லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்திவிட்டேன், இந்தச் சொந்தக் கேள்விகளுக்கான பதில்களை அவள்தான் அடித்தாள். என்ன பெரிய கேள்வி, கல்யாணமாகி ஐந்து வருஷம், எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். முதல் கேள்வி, பள்ளிக்கூடத்தில் உங்கள் நெருங்கிய தோழியின் பெயர். கவிதா என்று அடித்தேன், கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாளே அந்தக் கவிதா. தவறு என்றது, இன்னும் ஒரு தவறு வந்தால் கோர்ஸ் பூட்டிக்கொள்ளும் என்றது, சர்டிஃபிகேட்டுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். வேறு வழி இல்லாமல் எழுந்து சின்ன ரூமுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஜெசிந்தா" என்றாள். கவிதா இல்லையா என்றேன். "கவிதா காலேஜுங்க." அந்த ஜெசிந்தா இப்போது எங்கே என்று எதற்கோ கேட்டேன். "தெரியலீங்க, டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்தா, அப்புறம் விட்டுப்போச்சு." திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் தோன்றியது, மார்ச்சுக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

இரண்டாவது கேள்வி, உங்கள் முதல் வண்டியின் நிறம். சில்வர், நம் கேம்ரி கார், இதில் என்ன சந்தேகம், இருந்தாலும் பட்ட பிறகு புத்தி வரவேண்டுமே, போய்க் கேட்டேன். "சிவப்பு." கேம்ரி சில்வர்தானே என்றேன். "அதுக்கு முன்னாடி எங்கிட்ட ஸ்கூட்டி இருந்துச்சுங்க, அப்பா வாங்கிக் குடுத்தது, தாராபுரம் ரோட்டுல பஸ்ஸையே முந்துவேன்." சொல்லும்போது அவள் வாயோரம் ஏதோ அசைந்தது, சிரிப்பு என்று சொல்லமுடியாது, ஆனால் அசைந்தது. பஸ்ஸை முந்தியவளை உட்காரவைத்து நான்கு வாரம் மெதுவா மெதுவா என்று கத்தியிருக்கிறேன், அவளும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டியிருக்கிறாள்... ஏன் சொல்லவில்லை, நான் கேட்டால்தானே. அதற்குப் பிறகு மழை, பனி, குடித்துவிட்டு ஓட்டுவது என்று ஒவ்வொரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது, நான் படிக்கவில்லை, அடுத்த கேள்வி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன், அதை எடுத்துக்கொண்டு அந்த ரூமுக்குப் போகலாமே என்று.

அந்த ரூம் குழந்தைக்காக வைத்திருந்தது. ஆறாவது மாதம், மார்ச்சில், வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது, பெண். தொட்டில் வாங்கி மாட்டியிருந்தேன், வசந்தாமணி ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளுக்குள் அதைக் கழற்றி, ரசீதைத் தேடி எடுத்து, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவள் வந்து அதைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் தாங்கமாட்டாள் என்று, நல்லதுக்குத்தான். குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டாள், வசந்தாமணி தலையாட்டினாள், எனக்கு அந்த நேரத்தில் இன்ஷூரன்ஸிலிருந்து போன், நான் வராந்தாவுக்கு வந்து மெம்பர் நம்பரை இரண்டு தடவை நிதானமாகச் சொன்னேன், உள்ளே போனபோது குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். முகம் யார் ஜாடை என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை, கேட்டால் அழுவாள். அவள் அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, உண்மை அதுதான்.

நெக்ஸ்ட். ஆபத்தைக் கண் பார்ப்பதற்கும் கால் பிரேக்குக்குப் போவதற்கும் இடையே வண்டி ஓடிவிடும் தூரம்... படம் போட்டு விளக்குகிறான், எத்தனை மைல் வேகத்தில் எத்தனை அடி என்று. கடிகாரம் முடிந்தது, பொத்தான் பச்சையானது, அழுத்தினேன், கேள்வி வந்தது. உங்களுக்கு எத்தனை குழந்தைகள்.

சைபர். கை பூஜ்யத்துக்குப் போய்விட்டது, அழுத்தவில்லை, எதுவோ நிறுத்தியது. இதே கேள்வி, இதே கேள்வியைத்தான் ஷ்யாமளா ஆன்ட்டி வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்து அன்று அந்தப் புதுசாக வந்த அம்மா கேட்டார்கள், தட்டில் தயிர்சாதத்தோடு, "உங்களுக்கு எத்தன பசங்கம்மா?" என்று, வசந்தாமணியைப் பார்த்துத்தான் கேட்டார்கள், அவள் வாயைத் திறந்தாள், ஆமாம், திறந்தாள், இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, அதற்குள் நான் முந்திக்கொண்டு "இன்னும் இல்லீங்க ஆன்ட்டி" என்று சிரித்தேன், அவளை அந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் தலைவலி என்றாள், நானும் தலைவலிதான் என்று மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை அவள் ஃப்ரீவேயில் ஏறினாள்... கடவுளே, நடுவில் ஒரே ஒரு நாள்தானே, இதைக் கணக்குப் போட எனக்கு இத்தனை வாரமா, நானெல்லாம் ஒரு அனலிஸ்ட். போய்க் கேட்கலாமா. தோழி பெயரைக் கேட்கலாம், ஸ்கூட்டி நிறத்தைக் கேட்கலாம், பெற்றவளிடமே போய் நமக்கு எத்தனை குழந்தை என்று வாசலில் நின்று எப்படிக் கேட்பது. பதில் பெட்டிக்குள் கோடு துடித்துக்கொண்டிருக்கிறது. தப்பாகப் போனால் கோர்ஸ் பூட்டிக்கொள்ளும், கொள்ளட்டும்.

ஒன்று என்று அடித்தேன்.

நன்றி வசந்தாமணி என்றது திரை, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, ஸ்கூல் பஸ் நிற்கும்போது என்ன செய்யவேண்டும் என்று மஞ்சள் பஸ் படம். நான் இதே மேஜையின் அந்தப் பக்கம் ஆபீஸ் காலில் கத்திக்கொண்டிருந்தபோது இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த எண்ணை அடித்திருக்கிறாள், அந்த அம்மாவிடம் சொல்ல வாயெடுத்த பதிலை இங்கே சொல்லியிருக்கிறாள், யாரும் குறுக்கே விழாத இடத்தில். எழுந்தேன், லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். சின்ன ரூமில் துணியெல்லாம் மடித்து முடித்து, சுவரில் சாய்ந்து, தொட்டில் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மிணி என்று கூப்பிட்டேன், அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ நாளாகிறது. "இப்ப என்ன கேட்டிருக்குங்க?" என்றாள். அது ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லவேண்டும், குழந்தையின் முகம் யார் ஜாடை என்று கேட்கவேண்டும், அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், அவள் கேள்விக்காகக் காத்திருந்தாள்.