கோணல் விரிப்பு

பல் டாக்டருக்கு மச்சானைக் கண்டாலே ஆகாது. கோல்ஃப் பயிற்சிக்கூடத்தில் முதல் நாளே அவன் ஏதோ சொல்ல வந்தபோது, "வாய மூடிட்டு உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தார்.

அன்றிலிருந்து தினமும் அதே மூலையில், அதே பச்சை விரிப்பில் நின்று, மச்சான் மண்டையை நினைத்துக்கொண்டே மட்டையை வீசினார். மெல்ல மெல்லக் கை பழகியது. பந்துகள் இலக்குக் கொடியை நோக்கிப் பிசகாமல் பறந்தன.

போட்டியன்று, திறந்த புல்வெளியில், முதல் பந்து இடப்பக்கக் குளத்தில் விழுந்தது. அடுத்ததும் அதே இடத்தில்.

"அங்க நேராத்தானே போச்சு" என்று பல்லைக் கடித்தார்.

"அங்க உங்க விரிப்பு வலப்பக்கமா கோணிக் கிடந்துச்சு மாமா. அதச் சரிக்கட்ட இடப்பக்கம் இழுத்தே பழகிட்டீங்க."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

மச்சான் தன் மட்டையை நிதானமாகத் துடைத்தான்.

"அதச் சொல்லத்தான் அன்னிக்கு வாயத் தொறந்தேன்."