கரைகட்டியின் கண்ணீர்

அந்தக் கண்ணீரைப் படித்ததும் பிரதீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொத்தேரியில் ஒரு மாடியறையில் நடக்கும் காமிக்ஸ் கம்பெனியில் படம் வரைபவள் அவள். கதை எழுதுபவன் ஷ்யாம். அவர்களுடைய வில்லன் கரைகட்டி, பிரபஞ்சத்தின் விளிம்பில் பொங்கிவரும் இருள்வெள்ளத்தைத் தடுக்கச் சின்ன உலகங்களை உடைத்துச் சுவர் எழுப்புகிறவன். கடைசிப் பக்கத்தில் அவன் அழ வேண்டுமாம். நாயகன் அவன் தோளில் கைவைத்து மன்னிக்க வேண்டுமாம்.

"அவன் கெட்டவன் இல்ல பிரதீபா. பெரிய உலகங்களைக் காப்பாத்தத்தானே பண்றான்? கதையோட ஆழமே அதுதான்," என்றான் ஷ்யாம்.

"மன்னிக்கறதுக்கு உன் ஹீரோ யாரு? அவன் வூடா போச்சு?"

"அப்ப நீயே வேற முடிவு வரைஞ்சு காட்டு. நாளைக்கு அச்சுக்குப் போகணும். சரியில்லன்னா என்னோடதுதான் போகும்."

ஆழமாம், பெரிய ஆழம். வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் வந்து சொல்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவளுடைய குப்பத்துக்குத் தெற்கே இருந்த குப்பத்தில் கடலரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். அந்தக் குப்பம் பிழைத்தது. அங்கே பருப்பு வேகாத அலை வடக்கே வந்து பிரதீபாவின் தெருவையே வாரிக்கொண்டு போனது. இப்போது அவளும் அம்மா கன்னியம்மாவும் இருப்பது, அதே பாறைகளுக்குப் பின்னால் பத்திரமாக நிற்கும் ஆனந்தன் மாமாவின் வீட்டில். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது மாமா வாசலில் வலைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பாறை வேண்டும் என்று ஈசிஆர் சாலையில் மறியல் செய்தபோது முன்னால் நின்றவர் அவர்தான். இத்தனை நாளும் கேட்காததை அன்று கேட்டாள்.

"மாமா, கல்லு கொட்டுனா வடக்கால அரிக்கும்னு உனுக்குத் தெரியுமா?"

வலையில் இருந்த கை நின்றது. "தெரியும். ஆபீசருங்க சொன்னாங்க."

"எங்க வூடு அங்கதான் கீதுன்னு தெரிஞ்சுமா?"

"எம் புள்ளைங்க படுத்துக்கினு இருந்த எடத்துக்குத் தண்ணி வந்துச்சு தீபா. தெரிஞ்சுதான் கேட்டேன்."

அவர் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அழுதிருந்தாலாவது வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பாள். உள்ளேயிருந்து அம்மா, குழம்பு ஆறிப்போகிறது, ரெண்டு பேரும் வாங்க என்று கூப்பிட்டாள். பிரதீபா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றி ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

மறுநாள் காலை பக்கத்தை ஷ்யாமின் மேசையில் போட்டாள். அதில் கண்ணீர் இல்லை, நாயகனையே காணோம். உடைந்த உலகத்திலிருந்து தப்பிய ஒருத்தி கரைகட்டியின் எதிரே நிற்கிறாள். "தெரிந்துதான் செய்தாயா?" என்று கேட்கிறாள். "தெரிந்துதான்" என்கிறான் அவன். அவ்வளவுதான் கதை.

ஷ்யாம் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் தன் பக்கத்தை எடுத்து ஓரமாக வைத்தான்.

"இதுவே போகட்டும். ஆனா அப்புறம் அவ என்ன பண்றா? அடிக்கிறாளா, மன்னிக்கிறாளா?"

"ரெண்டும் இல்ல," என்றாள் பிரதீபா. "அவன் வூட்டுக்குத்தான் போறா. அவளுக்கு வேற வூடு ஏது?"