போக இடமில்லாத காற்று

கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த லோரியில், மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாய் வருவதற்குள் கருகல் வாசம் அடித்தது. யுகேந்திரன் சாலையோரத் திடலில் நிறுத்தினான். பின்சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சக்கர இரும்பிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

பள்ளி விடுமுறை என்று உடன் வந்திருந்த மனைவி கலாதேவியும் இறங்கினாள். ஈப்போவில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிப்பவள்.

"காத்த எறக்கிட்டா சரியாயிரும்லா," என்று அவன் டயரருகே குனிந்தான்.

"கிட்ட போகாதீங்க."

"பத்து வருசமா ஓட்டுறேன், தேவி."

வாயுக்களின் நான்கு மாற்றங்களைப் போன வாரம்தான் அவள் வகுப்பில் நடத்தியிருந்தாள். அழுத்தம் மாறாமல் விரியலாம். வெப்பநிலை மாறாமல் மெல்ல விரியலாம். வெப்பம் உள்ளேயும் வெளியேயும் போகாதபடி சட்டென விரியலாம். மூன்றிலும் வாயுவுக்குப் போக இடம் உண்டு. நான்காவதில் கொள்ளளவு அசையாது. சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். அந்த டயருக்குள் நடந்தது நான்காவது.

"வண்டி நின்னாலும் சூடு உள்ள போயிட்டுத்தான் இருக்கு. ரப்பர் எவ்ளோ வெந்திருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காத்து எறங்குற வரைக்கும் நீங்க அது பக்கத்துல உக்காந்திருக்கணும். வேணாங்க."

அவள் குரல் நடுங்கியதைக் கேட்டு எழுந்து வந்தான். நாற்பதடி தள்ளி இருவரும் நின்றார்கள். பத்து நிமிடம் போனது. புகையும் அடங்கியது.

"பாத்தியா, ஒண்ணுமில்ல," என்றான். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது ஒரு வெள்ளைக் கார் அந்தச் சக்கரத்துக்கு நேராக வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி, பின்னிருக்கையிலிருந்து குழந்தையைத் தூக்கினாள். கலாதேவி கூப்பிட்டாள், போகிற வண்டிகளின் இரைச்சலில் கேட்கவில்லை. கணவனைத் தடுத்தவள் தானே ஓடினாள்.

"அக்கா, கார எடுங்க. டயர் வெடிச்சிரும்."

அந்தப் பெண் முறைத்தாள். பிறகு கலாதேவியின் முகத்தைப் பார்த்தாள். குழந்தையோடு திரும்பக் காரில் ஏறினாள். கார் நகர்ந்தது. கலாதேவி திரும்பி ஏழெட்டு அடி வைத்திருப்பாள்.

சத்தத்தை அவள் கேட்டதாகவே நினைவில்லை. புல்லில் முகம்குப்புறக் கிடந்தாள். லோரியின் பக்கப் பலகை பிளந்து முட்டைக்கோஸ்கள் சாலையில் உருண்டன. யுகேந்திரன் மண்டியிட்டு அவளைப் புரட்டினான். அவன் வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. தன் பெயரைத்தான் சொல்கிறான் என்று உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

வலது காது அன்று சாயங்காலமே கேட்கத் தொடங்கிவிட்டது. இடது காதைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். எங்கே போனாலும் யுகேந்திரன் இப்போது அவளுடைய வலப்பக்கமாகவே நடக்கிறான்.