கண்ணாடி இல்லாமல் தெரிந்தவள்

என் கணவர் விஷயத்தைச் சொன்னதும் நான் முதலில் அவருடைய கண்ணாடியைத்தான் கழற்றித் துடைத்தேன். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள் நான். உலகத்துக் கோளாறெல்லாம் லென்ஸில்தான் இருக்கும் என்பது என் நினைப்பு. அவர் சொன்னது இவ்வளவுதான்: "வாலு வந்திருக்கா. அந்த நாற்காலியில உக்காந்திருக்கா."

வாலு எங்கள் மகள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். இருந்திருந்தால் இந்நேரம் அவளுக்கே ஒரு வாலு பிறந்திருக்கும்.

"காலங்காத்தால விளையாடாதீங்க" என்றேன். அவருக்கு விளையாடத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். பஸ் ஓட்டிய காலத்தில் யாராவது ஜோக் சொன்னால் அடுத்த நிறுத்தத்தில்தான் சிரிப்பார். நாற்காலியில் நான் மடிக்காமல் போட்டிருந்த துணிகள்தான் கிடந்தன.

கடையிலிருந்து புதுக் கண்ணாடி செய்து கொண்டுவந்து மாட்டிவிட்டேன். "பேப்பர் எழுத்து பளிச்சுன்னு தெரியுது" என்றார். வாலு? வாலு அப்படியேதான் இருந்தாள். அப்போதுதான் கடைக்கு வருகிறவர்களைச் சோதிப்பதுபோல அவரையும் சோதித்தேன்.

"கண்ணாடியைக் கழட்டுங்க. சுவர்க் கடிகாரம் எப்படித் தெரியுது?"

"மங்கலா, வட்டமா."

"நாற்காலி?"

"அதுவும் மங்கல்தான்."

கடைசியில் கேட்டேன். "அவ?"

"அவளுக்கென்ன, தெளிவா இருக்கா. கவுன்ல ஒரு பட்டன் இல்ல."

கண் வழியாக வருகிற எதுவும் கண்ணாடியைக் கழற்றினால் மங்கியே ஆக வேண்டும். அவள் கண் வழியாக வரவில்லை.

நரம்பு டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். என் கணவருக்கு நடுக்குவாதம். "ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி அனுப்ப டோபமைன்னு ஒண்ணு வேணும்மா. இவருக்கு அது வத்திப் போச்சு. அதான் கால் நகர மாட்டேங்குது. நாம குடுக்கிற ரெண்டு மாத்திரையில ஒண்ணு உள்ள போய் டோபமைனாவே மாறும். இன்னொண்ணு மாறாது. டோபமைன் மாதிரி வேஷம் போட்டுட்டுப் போய்க் கதவைத் தட்டும். நரம்பும் ஏமாந்து திறந்துடும்."

"நல்லதுதானே?"

"காலுக்கு நல்லது. ஆனா அது கால் சம்பந்தப்பட்ட கதவை மட்டும் தட்டறதில்ல. மூளையில வேற கதவையும் தட்டிடும். அங்க திறந்தா, இல்லாதது தெரியும்." அந்த இரண்டாவது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் காட்சி போய்விடும், நடை கொஞ்சம் மோசமாகும் என்றார். பட்டென்று நிறுத்தவே கூடாது. "இப்போதைக்கு அவர் பயப்படலைன்னா பார்க்கலாம். ஆபத்துன்னு தோணிச்சுன்னா உடனே சொல்லுங்க."

அவர் எங்கே பயந்தார்? மாலையானால் முகம் கழுவித் தலை வாரி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். பயந்தவள் நான். அந்த மூலையில் துணி போடுவதை நிறுத்தினேன். பெருக்கும்போது நாற்காலியைச் சுற்றிப் பெருக்கினேன். பயத்தைவிட மோசமாக இன்னொன்றும் இருந்தது. பொறாமை. பத்து மாதம் சுமந்தவள் நான். அவளுக்கு அப்பாவிடம் வரத்தான் வழி தெரிந்திருக்கிறது. "உங்க பொண்ணு என்ன சொல்றா?" என்று குத்தலாகக் கேட்பேன். "பேசமாட்டா. சும்மா இருப்பா" என்பார். அதற்குமேல் நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்.

ஒருநாள் கடையிலிருந்து திரும்பியபோது எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவர் மாடிப்படி விளிம்பில், ஒரு காலை அந்தரத்தில் நீட்டியபடி நின்றார். கீழ்வீட்டுக்காரர் பாதிப் படியில் நின்று இரண்டு கைகளாலும் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தார். "விடுங்க, அவ தனியா இறங்கறா" என்று என் கணவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். குறைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை அந்த இரண்டாவது மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பாதிதான் இருந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"விழுந்தா விழறேன். முழுசாக் குடு."

"நீங்க விழுந்தா நான் எப்படித் தூக்குவேன்? அவளைத்தான் தூக்கிக் குடுத்துட்டேன், உங்களையும் குடுக்கணுமா?" கத்திவிட்டேன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது.

அவர் மாத்திரையை விரல்களுக்குள் மூடிக்கொண்டார். "அப்ப ஒண்ணு பண்ணு. அவ போறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பாரு."

"நான் எதுக்கு? உங்களைப் பாக்கத்தானே வர்றா?"

"என்னையா?" அவர் சிரிக்க முயன்றார். "வந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட என்னைப் பாத்ததில்ல. எதிர்ல போய் உக்காந்தாலும் பாக்க மாட்டா. நீ சமைக்கறது, துடைக்கறது, உன்னையேதான் பாத்துட்டிருப்பா. நீதான் திரும்பவே மாட்டேங்கறே."

திரும்பினேன். வெறும் நாற்காலி. "பட்டன் தைச்சுத் தரேண்டா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. பின்னால் அவர் தண்ணீர் விழுங்கும் சத்தம் கேட்டது.

மாத்திரை குறையக் குறைய அவள் வருவதும் குறைந்தது. பிறகு வரவில்லை. அவருடைய கால்கள் வாசற்படிகளில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. நான் வீட்டுக்கு வந்ததும் என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மூலையைப் பார்ப்பேன். கடிகாரம் மங்கல். நாற்காலி மங்கல். மங்காமல் அங்கே எதுவும் இல்லை.

நேற்று மாலை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை வாசலில் கால் நகராமல் நின்றுகொண்டிருந்தவர் என்னைக் கவனித்துவிட்டார்.

"இருக்காளா?" என்றார், மிகவும் மெதுவாக.

அவர் கேட்டது வேடிக்கைக்கு இல்லை.

"இருக்கா" என்றேன். "உங்களைத்தான் பாக்கறா."

அவர் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடுங்குகிற மறு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.