கொல்லையில் ஒரு ஃபைபர் படகு

என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் பஸ் டெப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆம்பளைகள் தோட்டம் போடுவார்கள், ஜெபமாலை சொல்வார்கள், பெண்டாட்டி சமையலில் குறை கண்டுபிடிப்பார்கள். இவர் நாகூருக்குப் போய் ஒரு ஓட்டைப் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்குப் புதுப் படகுகள் நிறைய வந்துவிட்டன. காயாரோகணம் என்ற மீனவர் தன் பழைய ஃபைபர் படகை இவர் தலையில் கட்டிவிட்டார். சின்னப் படகுதான். விலாவில் பூசணிக்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"இத வச்சு எங்கங்க போகப் போறீங்க?"

"குடமுருட்டி ஆத்துல தண்ணி வரட்டும், அப்ப பாரு."

பாபநாசத்துக்காரி நான், எனக்குத் தெரியாதா? குடமுருட்டியில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் ஓடும், மீதி நாள் ஆடு மேயும்.

படகைக் கொல்லையில் இறக்கினார்கள். இறக்கிய இடம்தான் வில்லங்கம், சரியாக எல்லையோரம். எங்கள் கொல்லைக்கும் என் மூத்தார் ஜேசுராஜின் கொல்லைக்கும் நடுவில் இரண்டடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மாமனார் இறந்து பாகம் பிரித்தபோது பட்டாவில் அது யார் பக்கம் என்று தாசில்தாருக்கும் விளங்கவில்லை, சர்வேயருக்கும் விளங்கவில்லை. நிலமில்லாதவர்களுக்கு ரெண்டு ஏக்கர், வீட்டுக்கு வீடு கலர் டிவி என்று அரசாங்கம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த சமயம், எங்கள் குடும்பம் இரண்டடிக்குக் கோர்ட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரு தரப்பும் அதில் கால் வைக்கக் கூடாது என்று தடை. நடுவில் நின்ற தென்னையிலிருந்து விழுகிற தேங்காய் எடுக்க ஆளில்லாமல் அங்கேயே முளை விட்டுக் கிடந்தது. மூத்தாரின் ஆடு மட்டும் இஷ்டத்துக்குப் போய் வந்தது. அதற்குத் தடையாணை கிடையாது.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் சொல்ல வேண்டியது எதையும் சொல்லாமல் விட்டதும் இல்லை. அவர் தன் ஆட்டைப் பார்த்துச் சொல்வார், இவர் கையில் இருக்கும் பொருளைப் பார்த்துப் பதில் சொல்வார். படகு வந்த பிறகு இவருக்குப் படகு கிடைத்தது.

"ஆத்துல தண்ணியில்லாத ஊருக்குப் படகாம், கேட்டியா?" என்பார் மூத்தார் ஆட்டிடம்.

"வயித்தெரிச்சல் பிடிச்சவங்களுக்கு ஒண்ணும் சொல்லாத ராசா" என்று இவர் படகைத் தடவிக் கொடுப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மகள் ஜெயமேரிக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. திருக்காட்டுப்பள்ளிச் சம்பந்தி கறாரான மனிதர். "பெண்ணோட பெரியப்பா உக்காந்து தட்டு மாத்தணும். குடும்பத்துக்குள்ளயே ஒத்துமை இல்லாத எடத்துல நாங்க எப்படிச் சம்பந்தம் வைக்கிறது?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போயிருந்தார். நான் இவரிடம் மன்றாடினேன். "அவரா வந்தா வரட்டும்" என்றார். மூத்தாரோ ஆட்டிடம், "கூப்பிட்டாத்தானே போறதுக்கு?" என்றார். இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் என் பிள்ளையின் கல்யாணம் தொங்கியது. எனக்கு இராத் தூக்கம் போயிற்று.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் இவர் ஓட்டையை அடைக்க உட்கார்ந்தார். ரெசின் என்ற பசையில் கண்ணாடி நார்ப் பாயை நனைத்து உள்ளிருந்து ஒட்ட வேண்டும். பசை இறுக ஒரு மருந்து கலக்க வேண்டும். "வெயில் நேரத்துல மருந்தக் கொறைச்சுக்குங்க, சட்டுனு கெட்டியாயிரும்" என்று காயாரோகணம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். இவரும் கொஞ்சமாகத்தான் ஊற்றினார்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அவ்வளவூண்டு மருந்து ஊத்துனா அடுத்த ஈஸ்டருக்குத்தான் இறுகும். இல்ல ஆடு?"

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நமக்கு ஊத்தத் தெரியாதா ராசா?" என்று படகிடம் கேட்டு, பாட்டிலில் பாதியைக் கவிழ்த்தார்.

டெப்போவிலிருந்து கொண்டுவந்த துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு, படகுக்குள் உட்கார்ந்து பாயை வைத்து அழுத்தினார். அது வெளிப்பக்கமாகப் பிதுங்கியது. வெளியிலிருந்து ஒரு கை தாங்கிப் பிடிக்க வேண்டும். ஓட்டை இருந்த விலாவோ இரண்டடியைப் பார்த்து இருந்தது. பிடிக்கிறவர் அதில்தான் நிற்க வேண்டும்.

"சகாயம்! ஓடியா, ஓடியா! புடி!"

நான் அடுப்படி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம். அந்தப் பக்கம் மூத்தார் நிற்கும்போது நானா போவேன்?

"கை பூரா செதிலுங்க" என்றேன்.

"ஜெயா!"

"கோயிலுக்குப் போயிருக்கா."

பாய் இன்னும் பிதுங்கியது. பசை புகைய ஆரம்பித்தது. இவர் சுற்றிலும் பார்த்தார். படகைப் பார்த்துச் சொல்ல இந்த முறை அவருக்கு நேரமில்லை.

"அண்ணே!"

ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த மூத்தார் நிமிர்ந்தார். அந்தச் சொல்லைக் கேட்டு வருஷக் கணக்காயிற்று. மனிதர் தழையைப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கோர்ட்டுத் தடையை ஒரே எட்டில் தாண்டினார். படகு விளிம்பில் கிடந்த இன்னொரு கையுறையை மாட்டி வெளியிலிருந்து அழுத்தினார். உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, நடுவில் கொதிக்கிற பசை.

"சுடுதுடா ஆசீரு!"

"எடுத்துராதண்ணே, பிச்சுக்கும்!"

"அறிவு கெட்டவனே, எவன்டா இம்புட்டு மருந்து ஊத்தச் சொன்னான்?"

"நீங்கதானே சொன்னீங்க!"

"நான் ஆட்டுக்கிட்டல்ல சொன்னேன்!"

பாய் கல்லாக இறுகியது. ஓட்டை அடைபட்டது. கைகளை உருவிக்கொண்டார்கள், கையுறைகள் வரவில்லை. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் படகோடு ஒட்டிப்போயின. இவர் கத்தியால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன.

மூத்தார் உள்ளங்கையை ஊதிக்கொண்டு நின்றார். அப்புறம்தான் தாம் நிற்கிற இடம் அவருக்கு உறைத்தது. திரும்பிப் போய்விடுவாரோ என்று நான் மீனைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். அவர் குனிந்து, முளை விடாத ஒரு தேங்காயாகப் பொறுக்கி எடுத்து, மட்டையைத் தட்டிப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

"தட்டுல வைக்கத் தேங்கா வேணும்ல. எங்க அப்பா வச்ச மரம்."

வாங்கும்போது அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்ட இவரிடம் பசை நெடி என்று சொன்னேன்.

வழக்கு முடியவில்லை. வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போய் எதிரெதிராக நிற்கிறார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று மூத்தார் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டு மாற்றினார். தட்டில் அந்தத் தேங்காய் இருந்தது. சம்பந்தி அவருடைய சிவந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது?" என்றார்.

"தம்பிக்கு ஒரு வேலையும் தெரியாதுங்க. நான்தான் படகு கட்டிக் குடுத்தேன்."

இவர் வாயைத் திறந்தார். நான் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். இவர் தன் சிவந்த கையை மடியில் மறைத்துக்கொண்டு, "ஆமாங்க, அண்ணன்தான்" என்றார்.