மேட்டுத் தெருவின் தாகம்

ஊர்த் தண்ணீரே அப்போது என் கையில்தான் இருந்தது என்று நான் பீற்றிக்கொள்ளலாம். உண்மையில் கையில் இருந்தது வால்வு சாவி மட்டும்தான். எந்தத் தெருவுக்கு எப்போது திறப்பது என்பதைத் தண்ணீர்க் குழு முடிவு செய்யும். குழுவில் ஏழு பேர். ஏழு பேருக்கும் வீடு மேட்டுத் தெருவில். எல்லாம் தற்செயல்தான்.

மழை ஏமாற்றிய அந்த வருஷம் குழு அவசரமாகக் கூடியது.

"பொதுநலம்னு வந்துட்டா யாராவது விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்" என்று தலைவர் உருகினார். அந்த யாராவது பள்ளத் தெரு என்று எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேதான் என் தங்கச்சி இருக்கிறாள். குழந்தை பிறந்து இருபதே நாள்.

"அந்தக் குழாயடியில எந்நேரமும் கூட்டம். இருக்கிற தண்ணியெல்லாம் அவங்கதான் காலி பண்றாங்க."

தலைவர் காரில் போகும்போது கண்ணாடி வழியாகச் செய்த ஆராய்ச்சி. தண்ணீர் நூலாக வருவதால்தான் கூட்டம் என்பது வரிசையில் நின்றே பழகாதவருக்கு எப்படித் தெரியும்?

தெருப் பெயரைப் போட்டால் பார்க்க நன்றாக இருக்காதே! அதனால் உத்தரவை நாசூக்காக எழுதினார்கள்: ஒரு வீட்டுக்குச் சராசரியாக அதிகத் தண்ணீர் செலவாகும் தெருவை ஒரு வாரம் அடைக்கவும். ஏழு கையெழுத்து, ஒரு முத்திரை. மீட்டர் புத்தகத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் புரட்டிப் பார்த்தேன். பள்ளத் தெருவில் நாளைக்கு வீட்டுக்கு நாலு குடம். மேட்டுத் தெருவில் நூறைத் தாண்டியது: நீச்சல் குளம், புல்தரை, நாய் குளிக்கத் தனித் தொட்டி. மேலிடத்து உத்தரவை மீறி எனக்குப் பழக்கமில்லை. காலையில் போய் மேட்டுத் தெரு வால்வை இறுக மூடினேன்.

மத்தியானத்துக்குள் தலைவர் போனில் வந்தார்.

"யோவ், தண்ணி இல்லாம மனுஷன் எப்படிய்யா இருப்பான்?"

"உத்தரவுப்படிதான் சார். மீட்டர் புத்தகத்தைக் கொண்டு வரட்டுமா?"

ஒரு மணி நேரத்தில் குழு கூடி, எந்தத் தெருவையும் அடைப்பது மனிதத்தன்மை அல்ல என்று ஏகமனதாகக் கண்டுபிடித்தது. என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, பழைய குழாய்களை எண்ணும் வேலை கொடுத்தார்கள்.

அந்த வாரமே பள்ளத் தெருவில் கூட்டம். தண்ணீரை நிறுத்தாமல் காப்பாற்றிய தலைவருக்குப் பாராட்டு. போட்டோவுக்காகத் தங்கச்சியை முன்வரிசையில் நிறுத்தினார்களாம்.

"கைதட்டச் சொன்னாங்கண்ணே" என்றாள். "ஒரு கையில குடம், ஒரு கையில பிள்ளை. தப்பிச்சேன்."